ஒன்பது பேர் வந்தார்கள், மூன்று பேர் மிஞ்சினார்கள்: புரஸ்டேட் புற்றுநோய்க் குழுவைத் தொடரலாமா?

வாசகர் கேள்வி: எனக்கு 64 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியர், கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். புரஸ்டேட் புற்றுநோய்க்கு மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் கதிர்வீச்சு எடுத்து முடித்து ஒன்றரை வருடமாகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆண் ஓமோனை அடக்கும் ஊசியும் போட்டுக்கொள்கிறேன். கிளினிக்கில் காத்திருந்தபோது பழகியவர்களைச் சேர்த்து, தமிழில் மனம்விட்டுப் பேச ஒரு குழு தொடங்கினேன். முதல் கூட்டத்துக்கு 9 பேர் வந்தார்கள், மூன்றாவதுக்கு 3 பேர். மனைவிமார் வந்தால் அவர்கள்தான் பேசுகிறார்கள். ஆண்கள் தரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஆளாளுக்கு பி.எஸ்.ஏ. (புரஸ்டேட் சுரப்பியிலிருந்து இரத்தத்தில் கலக்கும் புரதம்) அளவைப் போடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு ஒருவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று அவருடைய மகள் சொன்னார். இன்னொருவர் மூலிகை மருந்து விற்கிறார். போன மாதம் எங்களில் ஒருவர் தவறிவிட்டார். அதற்குப் பிறகு குழுவில் யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை. இதைத் தொடரலாமா? எங்களைப் போன்றவர்களுக்காக வைத்தியசாலையிடம் எதையாவது கேட்டுப் பெற வழி உண்டா?

பதில்:

ஐயா, தொடருங்கள். ஒன்பது மூன்றானதால் குழு தோற்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். முதல் கூட்டத்துக்கு வரும் பலருக்கு ஒரு கேள்விதான் இருக்கும்: எனக்கு நடப்பது மற்றவர்களுக்கும் நடக்கிறதா? பதில் கிடைத்ததும் போய்விடுவார்கள். அவர்களுக்கு அது போதும். இருக்கிற மூன்று பேரோடு ஒழுங்காக நடத்தினால், பயொப்சி (சுரப்பியில் சிறு துண்டுகள் எடுத்துச் செய்யும் சோதனை) ரிப்போட்டைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் இருக்கும் நான்காவது ஆள் வரும்போது உட்கார ஒரு கதிரை இருக்கும்.

அமெரிக்காவில் 1990இல் இப்படி இரண்டு முயற்சிகள் தொடங்கின. ஒன்று சிக்காகோவில் ‘அஸ் டூ’. சிகிச்சை பெற்ற ஐந்து ஆண்கள் கூடித் தொடங்கியது. மற்றது புளோரிடாவின் சரசோட்டா நகரில் ‘மேன் டு மேன்’. மார்பகப் புற்றுநோய்ப் பெண்கள் அதற்கு முன்பே வழி காட்டியிருந்தார்கள். ஆனாலும் ஆண்களின் குழுக்கள் வேறு விதமாகவே அமைந்தன. பெண்கள் பெரும்பாலும் மனதில் தொடங்கித் தகவலுக்குப் போவார்கள். ஆண்கள் தகவலில் தொடங்கி, ஆளை நம்பிய பிறகுதான் மனதுக்கு வருவார்கள். “மனதில் இருப்பதைச் சொல்லுங்கள்” என்று கூட்டத்தைத் தொடங்கினால் நம் ஆட்கள் தரையைத்தான் பார்ப்பார்கள். “கதிர்வீச்சுக்குப் போன நாட்களில் தண்ணீரை எங்கே வைத்துக் குடித்தீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள், நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

அது சின்னக் கேள்வியும் அல்ல. கதிர்வீச்சு எடுக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீர்ப்பை ஏறக்குறைய ஒரே அளவில் நிறைந்திருக்க வேண்டும், மலக்குடல் வெறுமையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுரப்பி இடம் அசைந்து, கதிர் பக்கத்து உறுப்புகளில் கூடுதலாகப் படும். இதை நான்கு வாரத்தில் 20 தடவையோ, ஏழெட்டு வாரத்தில் 37 முதல் 39 தடவையோ செய்ய வேண்டும். வீட்டிலேயே குடித்துவிட்டுப் புறக்கோட்டையில் 138 பஸ்ஸில் ஏறுகிறவர், நுகேகொடை நெரிசலில் தவித்து, மகரகமவில் இறங்கியதும் கழிப்பறைக்கு ஓடுவார். அதற்குப் பிறகு வெறும் சிறுநீர்ப்பையோடு மேசையில் படுப்பார். வைத்தியசாலைக்குப் போய், தன் முறை நெருங்குகிறது என்று தெரிந்த பிறகு, பிரிவில் சொன்ன அளவைக் குடித்துவிட்டுக் காத்திருப்பதே சரி. அந்த அளவு பெரும்பாலும் 300 முதல் 500 மில்லிலீற்றர், காத்திருக்கும் நேரம் அரை மணியிலிருந்து முக்கால் மணி. டொக்டருக்கு இதையெல்லாம் விரித்துச் சொல்ல நேரமில்லை. அந்த வழியில் போய்வந்தவருக்கு ஐந்து நிமிடம் போதும். உங்கள் குழுவின் முதல் வேலை இப்படியான ஐந்து நிமிடங்கள்தான்.

கூட்டத்தை மாதம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில், ஒன்றரை மணிக்கு மேல் போகாமல் வையுங்கள். 12 பேருக்கு மேல் வந்தால் இரண்டாகப் பிரியுங்கள். நடத்துவதற்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் உங்களைப் போல நோயைக் கண்டவர், மற்றவர் தாதியோ உளவள ஆலோசகரோ வைத்தியசாலைச் சமூக சேவை உத்தியோகத்தரோ. ஒருவர் பேச்சைக் கவனிக்கும்போது மற்றவர் பேசாதவரின் முகத்தைக் கவனிக்க வேண்டும். புதிதாக வந்தவருக்கு முதல் இடம். எவராவது அரை மணி நேரம் தன் சத்திரசிகிச்சைக் கதையையே சொல்லிக்கொண்டிருந்தால், “அண்ணை, மிச்சத்தைத் தேத்தண்ணி குடிக்கும்போது கேட்கிறேன், இவர் இன்னும் வாய் திறக்கவில்லை” என்று வெட்டத்தான் வேண்டும். பேச விருப்பமில்லாதவர் பேசாமலே இருந்துவிட்டுப் போகலாம் என்பதையும் ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். டொக்டரை அழைப்பதானால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, 20 நிமிடம். அதற்கு மேல் போனால் கூட்டம் வகுப்பாகிவிடும். முடிந்ததும் ஆளுக்கொரு ரிப்போட்டோடு அவரைச் சூழ்ந்து நிற்பார்கள்.

கிளினிக் நாளில் வைத்தியசாலையிலேயே கூட்டம் வைப்பது வசதி போலத் தோன்றும். விடியற்காலை வந்து இலக்கம் எடுத்துக் களைத்தவர் மாலை வரை உட்கார மாட்டார். இடம் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ இருக்கட்டும். தரைத்தளம், கழிப்பறை பத்து அடிக்குள், பூட்டினால் வெளியில் சத்தம் கேட்காத அறை: இந்த மூன்றும் மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம். கழிப்பறை தூரம் என்றால், சிறுநீர் கசியும் ஒருவர் அடுத்த மாதம் வரமாட்டார், காரணமும் சொல்லமாட்டார். கோயில் மண்டபமோ தேவாலய மண்டபமோ இலவசமாகக் கிடைக்கலாம். ஆனால் மருதானையிலிருந்தும் கொம்பனித்தெருவிலிருந்தும் வரும் தமிழ் பேசும் முஸ்லிம் நோயாளரும் கூச்சமில்லாமல் நுழையக்கூடிய நூலகம், சனசமூக நிலையம், தமிழ்ச் சங்கம் போன்ற பொது இடமே மேல். வெள்ளிக்கிழமை மதியத்தைத் தவிருங்கள், நோன்பு மாதத்தில் நேரத்தை மாற்றுங்கள்.

மனைவிமாரைத் தடுக்க வேண்டாம். மருந்து நேரம், சாப்பாடு, இரவில் எத்தனை தடவை எழும்புகிறார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், விறைப்பு இல்லாமற்போனதைப் பற்றி இருவருமே பேசமாட்டார்கள். முதல் 40 நிமிடம் எல்லோரும் ஒன்றாக இருங்கள். பிறகு பெண்கள் வேறு அறைக்குப் போகட்டும், அவர்களுக்கும் நடத்த ஒருவர் இருக்கட்டும். பூட்டிய அறையில் ஆண்களிடம் நீங்களே முதலில் வெளிப்படையாகப் பேசுங்கள். சத்திரசிகிச்சை செய்தவருக்கு விறைப்பு உடனே போகும். நரம்புகளைக் காப்பாற்றியிருந்தால் திரும்புவதற்கு இரண்டு வருடம்கூட எடுக்கலாம். உச்சம் வரும், விந்து வராது. கதிர்வீச்சு எடுத்தவருக்கு இரண்டு மூன்று வருடங்களில் மெல்ல மெல்லக் குறையும். ஓமோன் ஊசி போடுகிறவருக்கு ஆசையே அடங்கிவிடும். மனைவி மேல் அன்பு குறைந்ததாக இருவரும் எண்ணிக்கொள்வார்கள். அது மருந்தின் வேலை என்று தெரிந்த அன்றைக்கே பல வீடுகளில் பேச்சு திரும்ப வரும்.

இந்த இடத்தில் ஒரு கண்டிப்பு. அந்த அறையில் மாத்திரை கைமாறக் கூடாது. விறைப்புக்கு எடுக்கும் சில்டெனாபில் வகை மாத்திரையை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்து, வாங்கியவர் நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரையோ ஐசோசோர்பைட்டோ எடுப்பவராக இருந்தால், இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும்.

இனி பி.எஸ்.ஏ. அளவு. உங்கள் குழுவில் அதிகச் சேதம் செய்திருப்பது இதுதான் என்பது என் கணிப்பு. சாப்பிடாமல் இருந்தவர் பயந்ததற்குக் காரணமே இருந்திருக்காது. ஒரே எண் ஒவ்வொருவர் உடம்பிலும் ஒவ்வொன்றைச் சொல்லும். சுரப்பியை முழுதாக எடுத்தவருக்கு அளவு 0.1க்குக் கீழே போக வேண்டும், அது 0.2ஐத் தொட்டு, மறுபடி செய்த சோதனையிலும் அப்படியே இருந்தால் நோய் திரும்பியதாகக் கருதி அடுத்த கட்டத்தை யோசிப்பார்கள். கதிர்வீச்சு எடுத்தவருக்குச் சுரப்பி உள்ளேயே இருக்கிறது. அவருக்கு அளவு மெதுவாக, ஒன்றரை வருடம், சில வேளை அதற்கும் மேலாக இறங்கும். இடையில் காரணமில்லாமல் கொஞ்சம் ஏறி மறுபடி இறங்குவதும் உண்டு. அவர் தொட்ட மிகக் குறைந்த அளவோடு 2ஐக் கூட்டி, அதற்கு மேல் போனால்தான் திரும்பியதாகக் கொள்வது வழக்கம். ஒருவருடைய மிகக் குறைந்த அளவு 0.4 என்றால் அவருக்கு எல்லை 2.4. ஆகவே சத்திரசிகிச்சை செய்தவர் தன் 0.05ஐப் போட, கதிர்வீச்சு எடுத்தவர் தன் 0.8ஐப் பார்த்துக் கலங்குவது வீண் வேதனை.

ஊசி போடுகிறவரின் எண் இன்னொரு கதை. உங்களுடைய அளவு இப்போது மிகத் தாழ்வாக இருக்கலாம். அதில் கதிர்வீச்சின் பங்கு எவ்வளவு, ஊசியின் பங்கு எவ்வளவு என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. ஊசியை நிறுத்தி ஆண் ஓமோன் மீண்டும் ஊறத் தொடங்கும்போது பி.எஸ்.ஏ.யும் சிறிது ஏறலாம். அதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருங்கள். சிகிச்சை எதுவும் இல்லாமல் தீவிரக் கண்காணிப்பில் மட்டும் இருப்பவருக்கு 6 என்ற அளவு பல வருடம் அப்படியே இருக்கலாம், அதுவும் சரியே. பிரித்தானியாவில் 1,643 ஆண்களைக் கண்காணிப்பு, சத்திரசிகிச்சை, கதிர்வீச்சு என்று மூன்றாகப் பிரித்து நடந்த புரொடெக்ட் ஆய்வில், 15 வருடத்துக்குப் பிறகு புரஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் மூன்று பிரிவிலும் 3 வீதம் அளவில்தான் இருந்தார்கள். ஆரம்ப நிலையில் நோய் தெரியவந்தவருக்கு இந்த ஒரு வரியைச் சொல்லுங்கள். சுரப்பி வீக்கத்துக்குப் பினாஸ்டரைட் அல்லது டியூட்டாஸ்டரைட் மாத்திரையை ஆறு மாதத்துக்கு மேல் எடுப்பவருக்கோ, ரிப்போட்டில் வரும் எண் உண்மையானதில் ஏறக்குறைய பாதிதான். அதை டொக்டரிடம் சொல்லாவிட்டால் 3 என்று பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுவார்கள்.

ஆகவே வாட்ஸ்அப்பில் எண்ணையும் ரிப்போட்டின் படத்தையும் போடக் கூடாது என்று விதி வையுங்கள். படத்தில் பெயரும் கிளினிக் இலக்கமும் இருக்கின்றன. பேரப்பிள்ளையின் கைபேசி வரை அது போகும். ஒவ்வொருவரும் வீட்டில் ஒரு கொப்பி வைத்திருக்கட்டும். அதில் திகதி, அளவு, எந்த ஆய்வுகூடம், அந்த நேரத்தில் எடுத்த மருந்து என்று நான்கு நிரல். முடிந்தவரை ஒரே ஆய்வுகூடத்தில் செய்யச் சொல்லுங்கள், இயந்திரத்துக்கு இயந்திரம் அளவு மாறும். சோதனைக்கு முந்திய இரண்டு நாள் விந்து வெளியேறக் கூடாது, நெடுநேரம் சைக்கிள் ஓட்டக் கூடாது. சிறுநீர்த் தொற்று வந்திருந்தால் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். கூட்டத்தில் எண்ணைப் பற்றிப் பேச விரும்புகிறவர் என்ன சிகிச்சை, முடிந்து எத்தனை மாதம் என்பதை முதலில் சொல்லிவிட்டு எண்ணைச் சொல்லட்டும்.

வாட்ஸ்அப் குழுவை நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி மாற்றிவிடுங்கள். கூட்ட நாள், இடம், மருந்து எங்கே கிடைக்கிறது என்பது போன்ற செய்திகளுக்கு அது போதும். ஆறுதல் வேண்டியவருக்கு இரவு 11 மணிக்கு ஐம்பது கும்பிடு படங்களால் பயனில்லை. அவருக்கு ஒரு ஆளின் குரல் வேண்டும். அதற்குச் சோடி சேருங்கள்: சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்பவருக்கு அதைச் செய்து ஒரு வருடம் கடந்தவர், ஊசி தொடங்குகிறவருக்கு ஊசியோடு வாழ்கிறவர். வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு. நோய் எலும்புக்குப் பரவியவரைப் பரவாதவரோடு சோடி சேர்க்க வேண்டாம். பரவியவர், தான் மற்றவர்களைப் பயமுறுத்துகிறேனோ என்று நினைத்து வருவதை நிறுத்திவிடுவார். அவருக்கு அதே நிலையில் உள்ள இன்னொருவர் வேண்டும். கண்டி, யாழ்ப்பாணம் என்று எங்கே இருந்தாலும் தொலைபேசி போதும்.

அழைப்பை எடுப்பவர்கள் என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சத்திரசிகிச்சைக்கு முன்பே தொடங்க வேண்டிய இடுப்புத்தளத் தசைப் பயிற்சியைச் சொல்லலாம்: வாயுவை அடக்குவது போல உள்ளே இறுக்கி, முடிந்தால் 10 விநாடி பிடித்து, 10 விநாடி விட்டு, இப்படிப் பத்துத் தடவை, நாளுக்கு மூன்று வேளை, இருமும்போதும் கதிரையிலிருந்து எழும்பும்போதும் ஒருமுறை இறுக்கிக்கொள்வது. சிறுநீர் போகும்போது இடையில் நிறுத்திப் பழகுவது கூடாது. கசிவு பெரும்பாலானவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில் நன்றாகக் குறையும், சிலருக்கு ஒரு வருடம் செல்லும். கசிவை உறிஞ்ச உள்ளாடையில் வைக்கும் பேட்டில் எது நல்லது, எங்கே மலிவு என்று சொல்லலாம். எந்தச் சிகிச்சையை எடுப்பது, எந்த மாத்திரையை நிறுத்துவது என்று மட்டும் சொல்லக் கூடாது.

அதே தாளின் பின்பக்கத்தில், காத்திருக்கக் கூடாத நிலைமைகளைப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். முதுகுவலி கூடி, கால்கள் பலமிழந்தாலோ மரத்தாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழந்தாலோ அன்றைக்கே வைத்தியசாலை. முதுகெலும்பில் கட்டி நரம்பை அழுத்துகிறது என்றால் ஒரு நாள் தாமதம் நடக்கும் சக்தியையே பறித்துவிடும். பயொப்சிக்குப் பிறகு குளிரோ 38 பாகைக் காய்ச்சலோ வந்தால், பனடோல் போட்டுவிட்டு விடியும் வரை பார்த்திருக்கக் கூடாது. சிறுநீர் முற்றாக அடைபட்டாலும் அப்படியே. 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசமாக வரும். “இனி இருந்து என்ன” என்று ஒருவர் சொன்னால் பேச்சை மாற்றாமல், சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. நோய் தெரியவந்த முதல் மாதங்கள் இந்த விடயத்தில் ஆபத்தானவை. 1926 தேசிய மனநல உதவி இலக்கம். அழைத்து முடியும் வரை அவரைத் தனியே விடாதீர்கள்.

மூலிகை விற்பவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவரும் நோயாளியாக இருந்தால் குழுவில் இருக்கட்டும். விற்பனைக்கு இடமில்லை, கஷாயத்துக்கும் காப்புறுதிக்கும் காணிக்கும் ஒரே விதி. கட்டு அனோதா (முள்சீத்தா) இலை, மஞ்சள் என்று வரும் செய்திகளைப் பற்றி வாதாட வேண்டாம், வாதத்தில் யாரும் மனம் மாறியதில்லை. ஒரு உண்மைச் சம்பவத்தை மட்டும் சொல்லுங்கள். அமெரிக்காவில் 1990களில் பி.சி.ஸ்பெஸ் என்ற பெயரில் எட்டு மூலிகைகளின் கலவை புரஸ்டேட் நோயாளருக்கு விற்கப்பட்டது. அதை எடுத்தவர்களுக்கு பி.எஸ்.ஏ. உண்மையிலேயே இறங்கியது. ஆராய்ந்தபோது அதற்குள் செயற்கைப் பெண் ஓமோன், இரத்தத்தை இளக்கும் வார்பரின், வலிநிவாரணி இந்தோமெதசின் எல்லாம் இருந்தன. 2002இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. “குடித்தேன், அளவு குறைந்தது” என்பது சாட்சியாகாது. போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. எதையாவது குடிக்கிறவரைத் திட்டாமல், போத்தலையே கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள்.

தவறிய நண்பரைப் பற்றி. குழு மௌனமானதற்குக் காரணம், எல்லோரும் தங்கள் முறையை எண்ணிக்கொண்டிருப்பதுதான். அதை அடுத்த கூட்டத்தின் முதல் பத்து நிமிடத்தில் நீங்களே எடுங்கள். குடும்பத்திடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். பெயரைச் சொல்லுங்கள், அவர் குழுவுக்குச் செய்த ஒன்றைச் சொல்லுங்கள், விரும்புகிறவர் ஒரு வார்த்தை பேசட்டும். பிறகு, அவருடைய நோய் எந்த நிலையில் கண்டுபிடிக்கப்பட்டது என்பதைக் குடும்பம் சம்மதித்தால் மட்டும் சொல்லுங்கள். பரவிய பிறகு கண்டுபிடித்தவரின் முடிவைத் தன் முடிவாக எண்ணிக்கொண்டிருக்கும் ஆரம்ப நிலை நோயாளிக்கு அந்தத் தகவல் தேவை. பரவிய நோயோடு அதே அறையில் இருப்பவரோடு கூட்டம் முடிந்ததும் தனியாகப் பேசுங்கள், அன்று மாலையே இன்னொருமுறை அழையுங்கள். இனிச் சேருகிறவர் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்டுக் குறித்து வையுங்கள்: உங்களுக்கு ஏதும் நடந்தால் குழுவுக்கு யார் சொல்லலாம், எவ்வளவு சொல்லலாம்? இறப்புச் செய்தி வாட்ஸ்அப்பில் போவதற்கு முன் அவருடைய சோடிக்குத் தொலைபேசியில் போக வேண்டும்.

வைத்தியசாலையிடம் கேட்டுப் பெறலாமா என்றால், கட்டாயம் கேட்க வேண்டும். இந்த நாட்டில் புற்றுநோய்க்காகப் பொதுமக்கள் பெரிய காரியங்களைச் செய்திருக்கிறார்கள். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்த ‘ட்ரெயில்’ நடைபயணத்தில் சேர்ந்த பணத்தில் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. மகரகமவின் பெட் ஸ்கேன் இயந்திரத்துக்கு 2016இல் சுமார் 20 கோடி ரூபா மக்களிடம் திரட்டப்பட்டது. கட்டடமும் இயந்திரமும் வந்தன. ஆனால் கிளினிக்கில் ஆங்கிலத்தில் எழுதிச் சிங்களத்தில் சொல்லப்பட்டதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வெளியே வரும் தமிழ் நோயாளிக்காக யாரும் நடக்கவில்லை. உங்கள் குழு நிரப்ப வேண்டிய இடம் அதுதான்.

கூடவே போவதிலிருந்து தொடங்குங்கள். இரு மொழி தெரிந்த ஒருவர் நோயாளியோடு கிளினிக்குக்குப் போகட்டும். முந்தின இரவே மூன்று கேள்வியைத் தாளில் எழுதுங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம். பயொப்சி ரிப்போட் வந்த நாளில் கேட்க வேண்டியவை: கிளீசன் (நோயின் வீரியத்தைக் காட்டும் எண்) எத்தனை, எடுத்த துண்டுகளில் எத்தனையில் நோய் இருந்தது, எனக்கு முன்னால் உள்ள வழிகள் எவை, எதுவும் செய்யாமல் கண்காணிப்பதும் அவற்றில் ஒன்றா? 3+4=7 என்பதும் 4+3=7 என்பதும் ஒன்றல்ல, பின்னது கூடிய வீரியமுள்ளது; ஆகவே கூட்டுத்தொகையை மட்டும் எழுதிக்கொண்டு வரக் கூடாது. வெளியே வருவதற்கு முன், “நான் விளங்கிக்கொண்டதைச் சொல்கிறேன், சரியா பாருங்கள் டொக்டர்” என்று நோயாளியே திருப்பிச் சொல்லட்டும். பிழை அங்கேயே பிடிபடும். போகிறவர் காதும் வாயும் மட்டுமே; முடிவு அவருடையதல்ல.

அடுத்தது கடிதம். ஒரு கடிதத்தில் ஒரு கோரிக்கை, அதுவும் செலவில்லாமல் செய்யக்கூடியது. ஆண்கள் கழிப்பறைகளில் மூடியுள்ள குப்பைத் தொட்டி என்பது நல்ல தொடக்கம். பேட் பாவிக்கும் ஆண் அதை எங்கே போடுவது? பையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோகிறார், அல்லது கிளினிக்குக்கே வராமல் விடுகிறார். பிரித்தானியாவில் ‘புரஸ்டேட் கேன்சர் யூ.கே.’ அமைப்பு இதற்கென்றே ஒரு பிரசாரம் நடத்தியது. அடுத்த கடிதத்தில் தமிழ்த் துண்டுப்பிரசுரம் கேளுங்கள். 1987இன் 13ஆவது திருத்தத்தாலும் 1988இன் 16ஆவது திருத்தத்தாலும் வந்த மொழி உரிமை அதில் ஒரு வரியாக இருக்கட்டும். வரைவை நீங்களே எழுதி, டொக்டர் ஒருவரிடம் சரிபார்த்து, இணைத்து அனுப்புங்கள். ஆயத்தமாக உள்ள தாளை அச்சிடச் சொல்வதற்கும் ஒன்றைத் தயாரிக்கச் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம். கடிதம் பணிப்பாளருக்கு, பிரதி பிரிவுத் தலைவருக்கும் பொறுப்புத் தாதிக்கும். மூன்று வாரத்தில் பதில் இல்லையென்றால் இருவர் நேரில் போங்கள். குறை சொல்லும் கடிதமாக எழுத வேண்டாம். கிளினிக்கில் நாளை உங்களைப் பார்க்கப்போகிறவர்கள் அவர்களே.

மருந்தோ பி.எஸ்.ஏ. சோதனையோ அடிக்கடி இல்லாமற்போய், வெளியில் காசு கொடுத்துச் செய்ய வேண்டிவந்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். ஏன் என்று கேட்டால் மழுப்பலான பதில் வரும். “கடந்த 12 மாதத்தில் இந்த ஊசி எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை கையிருப்பில் இருக்கவில்லை?” என்று கேளுங்கள், திகதிகள் வரும். கடிதம் கிடைத்ததற்கான பற்றுச்சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அங்கேயே குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம், அதற்குப் பிறகு ஆணைக்குழுவிடம் மேன்முறையீடு செய்யலாம்.

வருடத்துக்கு ஒருமுறை உங்கள் ஆட்களிடமே கணக்கெடுங்கள். ஐரோப்பாவில் நோயாளர் அமைப்புகளின் கூட்டமைப்பான ‘யூரோப்பா உவோமோ’ 2019இல் 24 நாடுகளில் 2,943 ஆண்களிடம் தானே கேட்டு, சிகிச்சைக்குப் பிந்திய வாழ்க்கையைப் பற்றிய விவரத்தை டொக்டர்மாரின் மேசைக்குக் கொண்டுபோனது. உங்களுக்கு 20 பேர் போதும், பெயர் வேண்டாம். ஒரு மாதத்தில் பேட்டுக்கு எவ்வளவு செலவு? சத்திரசிகிச்சைக்கு முன் தசைப் பயிற்சி சொல்லித் தந்தார்களா? பாலுறவு பற்றி யாராவது பேசினார்களா? தமிழில் கேள்வி கேட்க முடிந்ததா? இருபதில் பதினேழு பேர் ‘இல்லை’ என்று எழுதினால், அந்த ஒரு தாள் பத்து மேடைப் பேச்சை விடப் பெறுமதியானது.

பணம் சேர்க்காதீர்கள், குறைந்தது இப்போதைக்கு. தேவைப்படும் நோயாளியை ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு விண்ணப்பிக்கப் பிரதேச செயலகத்துக்குக் கூட்டிப்போங்கள். குழுவுக்கே நிதி வேண்டும் என்ற நிலை வந்தால் முதலில் பதிவு, பிறகு இரண்டு பேர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கு.

குழுவில் இருப்பவர்களின் மகன்மாரையும் தம்பிமாரையும் மறந்துவிட வேண்டாம். தகப்பனுக்கோ சகோதரனுக்கோ இந்த நோய் வந்திருந்தால் அவர்களுக்கு ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல். 45 வயதிலேயே, குடும்பத்தில் பலருக்கு வந்திருந்தால் 40இலேயே, பி.எஸ்.ஏ. பற்றி டொக்டரிடம் பேசச் சொல்லுங்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. நீங்கள் போடும் ஊசி இரவில் உடம்பைச் சூடேற்றும், தூக்கத்தைக் கெடுக்கும், காரணமில்லாமல் கண்ணீரும் எரிச்சலும் வரவழைக்கும், தசையையும் எலும்பையும் தேய்க்கும். வாரத்தில் இரண்டு நாளாவது பாரம் தூக்கும் பயிற்சியும், தினமும் அரை மணி வேக நடையும் உங்களுக்கு மருந்து போல. காலிமுகத்திடலில் இன்னொருவரோடு சேர்ந்து நடந்தால் அதுவே ஒரு சின்னக் கூட்டம். எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் ஸ்கேன் எப்போது, கல்சியமும் விற்றமின் டியும் எவ்வளவு என்று அடுத்த கிளினிக்கில் கேளுங்கள். உங்களுடைய பி.எஸ்.ஏ. முடிவு வரும் வாரத்தில் கூட்டம் விழுந்தால், அன்று நடத்துவதை மற்றவரிடம் விட்டுவிட்டு நீங்களும் ஒரு நோயாளியாக வட்டத்தில் உட்காருங்கள்.